முகம் பார்த்துப் பேசும் வசதி சின்னக் கடைக்கு வந்த கதை



எங்கள் சிறு வணிகர்கள் இன்று நாளாந்தம் பயன்படுத்துகின்ற காணொளிச் சந்திப்பின் வரலாறே இந்த மாத உரையின் பொருள். ஸ்காபரோவில் சிறு கடைகளுக்கும் தனியாள் தொழில்களுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பது எனது தொழில். ரியூசன் ஆசிரியர், நடன ஆசிரியை, நகைக்கடைக்காரர், மொழிபெயர்ப்பாளர், வீட்டுக்கடன் முகவர் எனப் பலருடைய செலவுப் பட்டியல் என் கையால் போகின்றது. வாடகை, மின்சாரம், தொலைபேசி என்பவற்றுக்குக் கீழே, 2020 ஆம் ஆண்டிலிருந்து 'சூம்' என்றோ வேறொரு சேவையின் பெயரிலோ ஒரு புதிய வரி அதில் சேர்ந்திருக்கின்றது. மாதம் ஒரு சிறு தொகை. காருக்கு ஒருதடவை பெற்றோல் அடிக்கும் காசை விடக் குறைவு.

அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு கேள்விகள் எழுவதுண்டு. உலகத்தின் மிகப் பெரிய தொலைபேசிக் கொம்பனியே கட்டுபடியாகாது என்று கைவிட்ட ஒரு வசதி, எப்படி இவ்வளவு மலிவாக எங்கள் கடை மேசைக்கு வந்து சேர்ந்தது? அந்தத் தொகைக்கு மேலாக, பற்றுச்சீட்டில் எழுதப்படாத விலை ஏதும் இருக்கின்றதா? இரண்டாவது கேள்விக்கு விடை காண முதலாவதில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

1927 ஆம் ஆண்டு ஏப்ரல் 7 ஆம் திகதி. அமெரிக்காவின் வர்த்தகச் செயலாளராக இருந்த ஹேர்பேர்ட் ஹூவர் வோஷிங்டனில் ஒரு கருவியின் முன் அமர்ந்து பேசினார். நியூயோர்க்கில் கூடியிருந்தவர்கள் அவருடைய குரலைக் கேட்டதோடு அசையும் முகத்தையும் கண்டார்கள். ஏ.ரி. அன்ட் ரி. தொலைபேசிக் கொம்பனியின் பெல் ஆய்வுகூடம் செய்துகாட்டிய பரிசோதனை அது. குரல் இரு பக்கமும் போனது. படம் ஒரு பக்கம் மட்டுமே போனது. மூன்று ஆண்டுகளின் பின், 1930 இல், நியூயோர்க் நகருக்குள்ளேயே இரு பக்கமும் படம் போகும் ஏற்பாட்டையும் அவர்கள் செய்துகாட்டினார்கள்.

பொதுமக்கள் காசு கொடுத்துப் பயன்படுத்தக்கூடிய சேவையை முதலில் தொடக்கியது ஜேர்மன் தபால் திணைக்களம். 1936 மார்ச்சில் பேர்லினுக்கும் லைப்சிக்குக்கும் இடையில் அது தொடங்கியது. வீட்டில் இருந்து பேச முடியாது. இரண்டு ஊரிலும் இரண்டு பேரும் குறித்த நேரத்துக்குத் தபால் நிலையம் போய், தனி அறைக்குள் இருந்து பேச வேண்டும். போர் வந்தது; 1940 இல் சேவை நின்றது.

போர் முடிந்தபின் அமெரிக்கக் கொம்பனி மீண்டும் முயன்றது. 1964 இல் நியூயோர்க்கில் நடந்த உலகக் கண்காட்சியில் 'பிக்சர்போன்' என்ற கருவியை வைத்தது. அதே ஆண்டு யூன் மாதம் நியூயோர்க், சிக்காகோ, வோஷிங்டன் ஆகிய மூன்று நகரங்களிலும் பொதுச் சாவடிகளைத் திறந்தது. மூன்று நிமிடம் பேச, தூரத்தைப் பொறுத்து 16 டொலரில் இருந்து 27 டொலர் வரை கட்டணம். அந்தக் காலத்து 27 டொலர் சாதாரணத் தொழிலாளிக்கு ஒருநாள் கூலியை விடக் கூடியது. சனம் வேடிக்கை பார்த்தது; காசு கொடுத்துப் பேசவில்லை.

பொதுமக்களுக்குச் சரிவராவிட்டால் வணிகர்களுக்குச் சரிவரும் என்று கொம்பனி நினைத்தது. 1970 இல் பிற்ஸ்பேர்க் நகரில் எட்டு நிறுவனங்களுக்கு 38 கருவிகளைப் பொருத்தியது. மாதக் கட்டணம் 160 டொலர். அதற்குள் 30 நிமிடம் பேசலாம். அதற்கு மேல் நிமிடத்துக்கு 25 சதம். 1975 ஆவதற்குள் ஒரு இலட்சம் கருவிகள் பாவனைக்கு வந்துவிடும் என்பது எதிர்பார்ப்பு. வந்தவை 500 ஐக்கூடத் தாண்டவில்லை.

ஏன் தோற்றது? இரண்டு காரணங்களைச் சொல்லலாம். முதலாவது, இந்தக் கருவியை வைத்திருப்பவர் இன்னொரு கருவி வைத்திருப்பவரோடுதான் முகம் பார்த்துப் பேச முடியும். உங்கள் வாடிக்கையாளரிடம் அது இல்லையென்றால் உங்களுடையது வெறும் தொலைபேசிதான். இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. மனிதக் குரலைக் கம்பியில் அனுப்ப 4 கிலோஹேர்ட்ஸ் அகலம் போதும். பிக்சர்போன் படத்துக்கு 1 மெகாஹேர்ட்ஸ் வேண்டும். அதாவது 250 மடங்கு. 250 பேர் நடக்கக்கூடிய பாதையை ஒரு முகத்துக்காக ஒதுக்கிக் கொடுத்தால் கட்டணம் எப்படிக் குறையும்? ஆகவே பாதையைப் பெருப்பிக்க வேண்டும், அல்லது படத்தைச் சுருக்க வேண்டும்.

படத்தைச் சுருக்கிய கதையில் எங்கள் பக்கத்து ஆட்களும் வருகின்றார்கள். பெங்களூரில் பிறந்து அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் பேராசிரியராக இருந்தவர் நசீர் அகமது. ஒரு படத்தை எண்களாக மாற்றிச் சுருக்குகின்ற புதிய கணித வழியொன்று அவருக்குத் தோன்றியது. 1972 இல் அமெரிக்க தேசிய அறிவியல் நிதியத்திடம் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டார். கிடைக்கவில்லை. அவர் கைவிடவில்லை. தனது மாணவர் ரி. நடராஜனோடும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவரான கே.ஆர். ராவோடும் சேர்ந்து வேலை செய்து, 1974 சனவரியில் மூவரும் அதை வெளியிட்டார்கள்.

அந்த முறையின் அடிப்படையைச் சாதாரணமாகச் சொல்வதானால் இப்படித்தான். படத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டுவது. ஒவ்வொரு சதுரத்திலும் உள்ள எல்லாப் புள்ளிகளையும் அனுப்பாமல், அதன் தன்மையைச் சொல்லும் சில எண்களை மட்டும் அனுப்புவது. கண்ணுக்குப் புலப்படாத நுணுக்கங்களை விட்டுவிடுவது. காணொளியில் இதனோடு இன்னொரு சிக்கனமும் சேர்ந்தது: முந்தின படத்தில் இருந்து மாறாததைத் திரும்ப அனுப்புவதில்லை. கலியாண வீட்டில் கண்ட ஒருவரைப் பற்றி ஊருக்குச் சொல்லும்போது, "அதே சேலைதான், கையில் மட்டும் புதுக் காப்பு" என்று சொல்லி முடிப்பது போல. 1988 இல் உருவாகி 1990 இல் செம்மைப்படுத்தப்பட்ட எச்.261 என்ற சர்வதேசக் காணொளி நியமம் இந்த இரண்டு வழிகளையும் கொண்டே அமைந்தது. இன்று நாம் பயன்படுத்தும் முறைகள் பலவும் அதன் வழித்தோன்றல்கள்தான்.

படம் சுருங்கியபோது விலையும் இறங்கத் தொடங்கியது. 1982 இல் விற்பனைக்கு வந்த ஒரு தொகுதிக்கு ஏறக்குறைய 250,000 டொலர். 1986 இல் பிக்சர்ரெல் நிறுவனம் ஏறக்குறைய 80,000 டொலருக்கு விற்றது. பெரிய வங்கிகளும் எண்ணெய்க் கொம்பனிகளும் வாங்கலாம். சீலைக் கடைக்காரர் வாங்க முடியாது.

சாதாரண ஆட்களின் கணனிக்கு அது வந்தது பல்கலைக்கழக வாசல் வழியாக. 1992 இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 'சீ-யூ-சீ-மீ' என்ற இலவச மென்பொருள் எழுதப்பட்டது. கறுப்பு வெள்ளைப் படம். தொடக்கத்தில் குரலே இல்லை. ஆனால் பலர் ஒன்றாகச் சந்திப்பதற்காக அதில் ஒரு புதிய ஏற்பாடு இருந்தது. ஒவ்வொருவரும் மற்ற எல்லாருக்கும் தனித்தனியாகப் படம் அனுப்புவதில்லை. நடுவில் இருக்கும் ஒரு கணனிக்கு அனுப்புவார்கள். அது எல்லாருக்கும் பிரித்துக் கொடுக்கும். அந்த நடுக் கணனிக்கு 'பிரதிபலிப்பான்' என்று பெயர். நேயர்களே, இந்த நடுக் கணனியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையின் முடிச்சு அதில்தான் இருக்கின்றது. 1994 இல் 100 டொலர் அளவில் 'குயிக்காம்' என்ற சிறு கமெரா வந்தபோது, கணனி வைத்திருக்கும் எவரும் முகம் காட்டலாம் என்ற நிலை உருவானது.

இந்த வரலாற்றில் ஒரு திருப்புமுனை ஆண்டைச் சொல்லச் சொன்னால் நான் 2006 என்று சொல்லுவேன். அந்த ஒரே ஆண்டில் மூன்று காரியங்கள் நடந்தன. சனவரியில், ஸ்கைப் தனது இரண்டாவது பதிப்பில் இருவர் முகம் பார்த்துப் பேசும் வசதியை இலவசமாகக் கொடுத்தது. ஆண்டின் பிற்பகுதியில், சிஸ்கோ நிறுவனம் மூன்று பெரிய திரைகள் கொண்ட சந்திப்பு அறையை 299,000 டொலருக்கு விற்கத் தொடங்கியது. ஒரே வசதி, ஒரு பக்கத்தில் சும்மா, மறு பக்கத்தில் ஒரு வீட்டின் விலை. இடையில், ஓகஸ்ட் மாதத்தில், அவ்வளவாக ஆரவாரம் இல்லாமல் மூன்றாவது காரியம் நடந்தது. புத்தகம் விற்றுப் பெயரெடுத்த அமேசன், தனது கணனிகளை மற்றவர்களுக்கு மணித்தியால வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கியது. ஒரு மணித்தியாலத்துக்கு 10 சதம்.

இதைத்தான் இன்று 'முகில்' என்கின்றார்கள். வானத்தில் ஒன்றும் இல்லை. எங்கோ ஒரு ஊரில், குளிரூட்டிய கட்டடத்துக்குள் அடுக்கி வைக்கப்பட்ட கணனிகள். நீங்கள் வாங்குவதில்லை; தேவையான அளவுக்கு வாடகைக்கு எடுக்கின்றீர்கள்.

எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்துவது மிகச் சுலபம். எங்களுக்குக் 'கொமினிக்கேசன்' கடை தெரியும். 1990 களில் யாழ்ப்பாணத்தில் இருந்து பாஸ் எடுத்து, நாட்கணக்கில் பயணம் செய்து கொழும்புக்கு வந்த தாய்மார், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்த அந்தக் கடைகளில் வாங்கில் வரிசையாக இருந்து, வெளிநாட்டுப் பிள்ளையின் அழைப்புக்காகக் காத்திருந்தார்கள். வெளிநாட்டு அழைப்பு எடுக்கும் இணைப்பு ஒவ்வொரு வீட்டுக்கும் கட்டுபடியாகாது. ஆனால் ஒருவர் கடை போட்டு நாலு இணைப்பு எடுத்துவிட்டால், ஊரே நிமிடக் கணக்கில் காசு கொடுத்துப் பேசலாம். முகில் என்பதும் அதேதான். விலை கூடிய பொருள் ஒருவரிடம் இருக்கும். மற்ற எல்லாரும் தேவையானபோது வாடகைக்குப் பேசுவார்கள்.

காணொளிச் சந்திப்பில் விலை கூடிய பொருள் நான் முன்னர் சொன்ன நடுக் கணனி. பத்துப் பேரின் படத்தை வாங்கி, பத்துப் பேருக்கும் அவரவர் இணைய வேகத்துக்கு ஏற்றபடி பிரித்துக் கொடுக்கும் அந்த இயந்திரத்தை முன்பு நிறுவனங்கள் சொந்தமாக வாங்கி, பராமரிக்க ஆளும் வைக்க வேண்டியிருந்தது. அந்தப் பெட்டி முகிலுக்குப் போனதும் கடைக்காரருக்கு மிஞ்சிய செலவு ஒரு மடிகணனியும் ஒரு மாதக் கட்டணமும் மட்டுமே.

சந்திப்பை மாத வாடகைக்கு விற்கும் வழியை முன்னரே தொடக்கியவர்களில் முக்கியமானது வெப்எக்ஸ் நிறுவனம். இந்தியாவில் இருந்து போன சுப்ரா ஐயரும் சீனாவில் இருந்து போன மின் சூவும் 1990 களின் நடுப்பகுதியில் அதைத் தொடங்கினார்கள். 1997 இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர் எரிக் யுவான். அமெரிக்க விசாவுக்கு எட்டுத் தடவை மறுக்கப்பட்டு ஒன்பதாவது தடவையில் பெற்றவர். எங்களில் பலருக்கு இந்தக் கணக்கு விளங்கும். 2007 இல் வெப்எக்ஸை சிஸ்கோ வாங்கியது. 2011 இல் யுவான் அங்கிருந்து விலகித் தனியாகத் தொடங்கிய நிறுவனமே 2013 சனவரியில் சூம் சேவையை வெளியிட்டது. அப்போது ஒரு சந்திப்பில் 25 பேர்தான் சேரலாம். இன்னொரு பக்கத்தில் ஸ்ரீதர் வேம்புவும் கூட்டாளிகளும் 1996 இல் தொடங்கி, இன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கும் சோகோ நிறுவனமும் சிறு வணிகர்களுக்கான மென்பொருட்களின் வரிசையில் ஒரு சந்திப்புச் சேவையை நடத்துகின்றது. தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள மத்தளம்பாறைக் கிராமத்திலும் அதற்கு அலுவலகம் உண்டு. உலகத்துக் கடைகளுக்கு மென்பொருள் கொடுக்க, பெரிய நகரத்தில்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

பின்னர் 2020 வந்தது. கொரோனா கடைக் கதவுகளை மூடியது. 2019 டிசெம்பரில் நாளொன்றுக்கு உச்சமாக ஒரு கோடிப் பங்கேற்புகளைக் கண்ட சூம், 2020 ஏப்ரலில் 30 கோடியைக் கண்டது. ஒரே ஆள் மூன்று சந்திப்பில் இருந்தால் மூன்று என்று எண்ணும் கணக்கு அது; ஆனாலும் நாலு மாதத்தில் 30 மடங்கு. பிற்ஸ்பேர்க்கில் 500 ஐ எட்டாத அதே யோசனைதான் இது.

எனது வாடிக்கையாளர்களிடமும் அதைக் கண்டேன். நடன ஆசிரியை வீட்டு நிலவறையில் நின்று தட்டுக்கழி தட்ட, மார்க்கத்திலும் மொன்றியலிலும் பிள்ளைகள் ஆடினார்கள். சத்தம் அரை விநாடி பிந்திப் போகும் என்பதால், பிள்ளைகள் எல்லாரும் தங்கள் ஒலிவாங்கியை நிறுத்தி வைக்க வேண்டும் என்ற விதியை அவவே கண்டுபிடித்தா. நகைக்கடைக்காரர் தாலிக்கொடியைக் கமெராவுக்கு முன் பிடித்துக் காட்டினார். எனது வாடிக்கையாளர்கள் சப்பாத்துப் பெட்டிக்குள் சேர்த்து வைத்த பற்றுச்சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திரையில் காட்ட, நான் இந்தப் பக்கம் இருந்து வரிக் கணக்கு எழுதினேன். அந்த ஆண்டு பல கடைகள் பிழைத்தது இந்த வசதியால்தான்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகின்றேன். என்னிடம் கணக்குக் கொடுக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கின்றார். அகதிக் கோரிக்கையாளர்களுக்காகச் சட்டத்தரணிகளோடு வேலை செய்பவர். 2020 இல் கனடாவின் குடிவரவு அகதிகள் சபையும் விசாரணைகளைக் காணொளி வழியாக நடத்தத் தொடங்கியபின் அவருடைய வேலை அநேகமாகத் திரைக்கு மாறிவிட்டது. ஒருநாள் அவர் என்னிடம் கேட்டார்: "அண்ணை, சட்டத்தரணியின்ரை அறைக்குள்ளை இருந்து கதைச்சால் கதவைச் சாத்தலாம். இதிலை நான் கதைக்கிறது எங்கை போகுது?"

இந்தக் கேள்வியை அவர் சும்மா கேட்கவில்லை. அந்த உரையாடல்களில் ஊரில் இன்னும் இருக்கும் தாய் தகப்பன், சகோதரங்களின் பெயர் வரும். யார் எப்போது எங்கே பிடிபட்டார், யார் காப்பாற்றினார் என்பது வரும்.

கொமினிக்கேசன் கடையில் பேசியவர்களுக்கு ஒன்று தெரியும். மேசையில் ஒருவர் இருக்கின்றார். வாங்கிலும் ஆட்கள் இருக்கின்றார்கள். ஆகவே குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். சில பெயர்களைச் சொல்ல மாட்டார்கள். "அவர் சுகமாக இருக்கிறார்" என்றால் யாரென்று மறுபக்கத்துக்குத் தெரியும். முகில் சந்திப்பிலும் மேசையில் ஒருவர் இருக்கின்றார். ஆனால் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் நாங்கள் குரலைத் தாழ்த்துவதில்லை.

இது வெறும் பயமில்லை. 2020 ஏப்ரலில், எங்கள் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிற்றிசன் லாப் ஆய்வாளர்கள், சூம் சந்திப்புகளைப் பூட்டும் திறவுகோல்கள் நிறுவனத்தின் கணனிகளிலேயே உருவாகின்றன என்றும், பேசுபவர் எல்லாரும் சீனாவுக்கு வெளியே இருந்தபோதும் சில வேளைகளில் அவை பீஜிங்கில் இருந்த கணனி வழியாக வந்தன என்றும் கண்டறிந்தார்கள். நிறுவனம் அதை ஏற்றுத் திருத்தியது. அதே ஆண்டு யூனில், தியனன்மென் படுகொலையை நினைவுகூர்ந்து சந்திப்பு நடத்திய செயற்பாட்டாளர்களின் கணக்குகளை, சீன அரசு கேட்டதன்பேரில் சூம் மூடியது. அவர்களில் அமெரிக்காவில் வாழ்பவர்களும் இருந்தார்கள். கண்டனம் எழுந்தபின் கணக்குகள் திரும்பக் கொடுக்கப்பட்டன. நாட்டை விட்டு வெளியேறி, இன்னொரு நாட்டில் இருந்து இறந்தவர்களை நினைவுகூரும் மக்களுக்கு இந்தச் சம்பவம் என்ன சொல்லுகின்றது என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

2020 ஒக்ரோபரில் இருந்து, திறவுகோல் பேசுபவர்களிடம் மட்டும் இருக்கும் முழுப் பூட்டு முறையை சூம் வழங்குகின்றது. ஆனால் அது தானாக இயங்காது. சந்திப்பை நடத்துபவர்தான் தெரிவு செய்ய வேண்டும். தெரிவு செய்தால் முகிலில் பதிவு செய்வது போன்ற சில வசதிகள் இல்லாமல் போகும். ஏனென்றால் நடுக் கணனிக்கு உள்ளே இருப்பது தெரியாது. மேசைக்காரருக்குக் கேட்காமல் இருக்க வேண்டுமென்றால், மேசைக்காரர் செய்துதரும் சில உதவிகளை விடத்தான் வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. 2003 இல் பிரான்சின் ஸ்ராஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் எமில் இவோவ் என்ற பல்கேரிய மாணவர் தொடக்கிய வேலையில் இருந்து வளர்ந்தது 'ஜிற்சி' என்ற திறந்த மென்பொருள். யாரும் இலவசமாக எடுத்து, தங்கள் சொந்தக் கணனியிலோ வாடகைக் கணனியிலோ நிறுவலாம். அப்போது மேசைக்காரர் நீங்களே. ஒரு தனிக் கடைக்கு அது சிரமம். ஆனால் பத்துச் சட்டத்தரணிகளும் மொழிபெயர்ப்பாளர்களும் சேர்ந்தால் முடியாத காரியமில்லை.

மேசை இன்னொருவருடையது என்பதற்கு மற்றொரு பொருளும் உண்டு. அவர் நினைத்தால் கடையைப் பூட்டலாம். எங்களில் பலர் பேரப்பிள்ளையை முதன்முதலில் பார்த்தது ஸ்கைப்பில். 2011 இல் அதை வாங்கிய மைக்ரோசொவ்ற், 2025 மே 5 ஆம் திகதி அதை நிறுத்திவிட்டது. வாடிக்கையாளர் தொடர்பு முழுவதையும் அதற்குள்ளேயே வைத்திருந்த சிறு வணிகர்கள் ஓடித்திரிந்து பெயர்ப் பட்டியலை வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

ஆகவே சிறு வணிகர்களுக்கு நான் சொல்வது இதுதான். மலிவான வசதியை விடச் சொல்லவில்லை. நானும் விடப் போவதில்லை. நடன வகுப்புக்கும் நகை காட்டுவதற்கும் எந்த மேசையும் போதும். ஆனால் ஒருவருடைய உயிரோடும் வழக்கோடும் வருமானத்தோடும் சம்பந்தப்பட்ட பேச்சுக்கு, யாருடைய மேசையில் இருக்கின்றீர்கள் என்று முதலில் பாருங்கள். முழுப் பூட்டு இருக்கின்றதா என்று கேட்டு, அதைப் போடுங்கள். தேவையில்லாமல் பதிவு செய்யாதீர்கள். பதிவு செய்வதானால் எதிரில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். வாடிக்கையாளர் பட்டியலின் ஒரு பிரதியைக் கொப்பியிலோ உங்கள் சொந்தக் கணனியிலோ வைத்திருங்கள்.

அந்த மொழிபெயர்ப்பாளரும் அவர் வேலை செய்யும் சட்டத்தரணியும் இப்போது, தாங்களே ஏற்பாடு செய்யும் சந்திப்புகளை முழுப் பூட்டோடுதான் நடத்துகின்றார்கள். மாதச் செலவுக் கணக்கில் அதே தொகைதான். எழுதப்படாத விலையில் ஒரு பகுதி மட்டும் குறைந்திருக்கின்றது.